குட்டி மோட்டாருக்கு இத்தனை அலகு எதற்கு?

ஒரு சின்ன மோட்டார், அதற்கு ஒரு கியர்பாக்ஸ், முனையில் ஒரு கை. வேலை இவ்வளவுதான். மோட்டாரின் டேட்டாஷீட்டில் டார்க், அதாவது அச்சைத் திருப்பும் முறுக்குவிசை, கிராம்-சென்டிமீட்டரில் இருக்கிறது. கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும் என்பதை மில்லிநியூட்டன் மீட்டரில் கொடுத்திருக்கிறார்கள். இதற்குப் பதில் சொன்ன கோணத்தில் போய் நிற்கும் சர்வோ மோட்டார் போடலாமா என்று பார்த்தால் அது கிலோ-சென்டிமீட்டர், படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் என்றால் நியூட்டன்-சென்டிமீட்டர், அதே ஸ்டெப்பரை வேறொருவர் விற்கும்போது அவுன்ஸ்-இஞ்ச். சரி, எதையோ ஒன்றை முடிவு செய்து, மாட்டி, திருகை இறுக்கலாம் என்று டார்க் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் அதில் பொறித்திருப்பது பவுண்ட்-இஞ்ச். ஏன் இப்படி உயிரை வாங்குகிறீர்கள்?

பெரிய டார்க்கில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. கார் சக்கர நட்டு என்றால் நியூட்டன் மீட்டர், இல்லாவிட்டால் பவுண்ட்-அடி, 1.356 என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். சின்ன டார்க்கில்தான் ஆளாளுக்கு நாட்டாமை. 0.004 நியூட்டன் மீட்டர் என்று போட்டால் பார்க்க நன்றாக இல்லையாம், அதனால் ஒருவர் மில்லிக்குப் போகிறார், இன்னொருவர் சென்டிக்கு, மூன்றாமவர் மீட்டரை விட்டுவிட்டு மில்லிமீட்டருக்கு. இதில் மில்லிநியூட்டன் மீட்டரும் நியூட்டன்-மில்லிமீட்டரும் ஒன்றேதான். சென்டிநியூட்டன் மீட்டரும் நியூட்டன்-சென்டிமீட்டரும் அப்படியே. புதிதாக வருகிறவர் இதை நான்கு அலகு என்று நினைத்து நான்குக்கும் சூத்திரம் தேடிக்கொண்டு அலைவார்.

ஒரே ஸ்டெப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 40 நியூட்டன்-சென்டிமீட்டர். அதாவது 0.4 நியூட்டன் மீட்டர், 400 மில்லிநியூட்டன் மீட்டர், கிட்டத்தட்ட 4.08 கிலோ-சென்டிமீட்டர், 56.6 அவுன்ஸ்-இஞ்ச், 3.54 பவுண்ட்-இஞ்ச். விற்பவர் இதில் எதைப் போடுவார் என்று நினைக்கிறீர்கள்? எந்த எண் கொழுத்துத் தெரிகிறதோ அதை.

அப்புறம் கிராம், கிலோவை நியூட்டனாக்கும்போது வந்து நிற்கும் அந்த 98. கிராம்-சென்டிமீட்டரை மில்லிநியூட்டன் மீட்டராக்க 0.0980665-ஆல் பெருக்க வேண்டும். கிலோ-சென்டிமீட்டரை நியூட்டன்-சென்டிமீட்டராக்க 9.80665. அதையே மில்லிநியூட்டன் மீட்டராக்க 98.0665. இலக்கங்கள் அச்சு மாறாமல் அதேதான், புள்ளி மட்டும் நகர்ந்து நகர்ந்து உட்காரும். 50 கிராம்-சென்டிமீட்டர் மோட்டார் உண்மையில் 4.9 மில்லிநியூட்டன் மீட்டர். தவறான எண்ணால் பெருக்கினால் 490 வரும், அதுவும் பார்க்க நியாயமான விடைபோலத்தான் இருக்கும், கியர்பாக்ஸை வாங்கி மாட்டிய பிறகுதான் குட்டு வெளிப்படும். இத்தனைக்கும் 9.80665 என்பது எடை அளவைகளுக்கான பொது மாநாடு 1901-லேயே நிர்ணயித்த நிலையான புவியீர்ப்பு முடுக்கம். 1960-ல் எஸ்ஐ என்ற சர்வதேச அலகு முறை வந்தபோது, ஒரு கிலோவின் எடையையே விசையின் அலகாக்கும் கிலோகிராம்-விசைக்கு அதில் இடமே இல்லை. சர்வோ விற்பவர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கிலோ-சென்டிமீட்டர் எளிதாகப் புரியும் என்பதை நான் மறுக்கவில்லை. 1.8 கிலோ-சென்டிமீட்டர் சர்வோ என்றால் அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோவைத் தாங்கும், பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 180 கிராம்தான். அழகு. ஆனால் அதை எப்படி எழுதுகிறார்கள்? கிலோ, ஒரு சாய்கோடு, சென்டிமீட்டர்! சாய்கோடு என்றால் வகுத்தல் ஐயா. அதை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொண்டால் கை நீள நீள பலம் கூட வேண்டும், பத்து சென்டிமீட்டரில் 18 கிலோ தூக்க வேண்டும். உண்மைக்கும் இதற்கும் நூறு மடங்கு வித்தியாசம். ஒருவர் இருவர் என்றால் அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம், திரும்பிய பக்கமெல்லாம் இதே சாய்கோடுதான்.

தலைப்புகளை முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்கும் கூட்டம் வேறு. சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. நடுவில் நூறு கோடி மடங்கு இருக்கிறது. பொம்மை மோட்டாருக்குக் கப்பலையே திருப்பும் டார்க்.

இஞ்சையும் அடியையும் குழப்புவதுதான் உண்மையில் பொருளை உடைப்பது. சைக்கிள் ஹேண்டில்பார் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் என்றால் அது 44 பவுண்ட்-இஞ்ச். இஞ்சை விழுங்கிவிட்டு வெறும் "44 பவுண்ட்" என்று எழுதி வைத்தால், அடி என்று நினைத்து இறுக்குகிறவர் 60 நியூட்டன் மீட்டருக்குப் போவார். போவதற்குள் போல்ட் போய்விடும்.

மாற்றித் தரும் செயலிகளாவது உதவுமா என்றால், 2 பவுண்ட்-இஞ்ச் கேட்டால் 0.22596966 நியூட்டன் மீட்டர் என்று எட்டு இலக்கம் கொட்டுகின்றன. சிறிய டார்க் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் பிழையே பொதுவாக 6 சதவீதம், அந்த எட்டாவது இலக்கத்தை வைத்து நான் என்ன செய்ய? கிலோ-சென்டிமீட்டரைப் பத்தால் வகுத்தால் நியூட்டன் மீட்டர், பிழை 2 சதவீதம். அவுன்ஸ்-இஞ்சை ஏழால் பெருக்கினால் மில்லிநியூட்டன் மீட்டர், பிழை ஒரு சதவீதம்கூட இல்லை. கைவேலைக்கு இது தாராளம்.

ஆனால் இதையெல்லாம் வாங்குகிறவன் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? மில்லிநியூட்டன் மீட்டர் என்று ஒரு வரி அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா? அவுன்ஸ்-இஞ்ச்தான் பிடிக்கும் என்றால் அதையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது. அந்தச் சாய்கோட்டை மட்டும் முதலில் எடுத்துத் தொலையுங்கள்.