14,500 ரூபாய் ரன்னிங் போர்டு

ஒரு காரின் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு துருப்பிடித்திருந்தது. அதை வெட்டி ஒட்ட நான் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட் தாளை அதன் உரிமையாளர் படமெடுத்து, பட்டறையின் பெயரை மட்டும் கறுப்புக் கோட்டால் மறைத்து, இணையத்தில் ஒரு கார் குழுவில் போட்டு மூன்று நாட்கள் ஆகின்றன. கையெழுத்தை வைத்தே அது நான்தான் என்று தூத்துக்குடியில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். மீதிப் பேருக்குக் கீழே பின்னூட்டத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கேஸ் வெல்டிங்கில் 5,000 ரூபாய்க்கு முடிகிற வேலைக்கு, மின்சாரத்தில் ஒட்டும் சி.ஓ.டூ வெல்டிங் மிஷினைக் காட்டி 14,500 ரூபாய் கேட்கிறேன் என்பது குற்றச்சாட்டு. பதில் எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னதால் இரண்டு இரவுகள் பேசாமல் இருந்தேன். "கொள்ளை" என்ற ஒரு சொல்லுக்குக் கீழே எனக்குத் தெரிந்தவர்களும் விருப்பக்குறி இட்டிருப்பதைப் பார்த்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

உங்கள் பணப்பையில் உள்ள ஏ.டி.எம். அட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். இன்றைய காரின் வெளித்தகடு பெரும்பாலும் அவ்வளவுதான், 0.7, மிஞ்சினால் 0.8. எப்படி ஒட்டுவது என்பதை அந்தக் கனம்தான் தீர்மானிக்கிறது. என்னிடம் என்ன மிஷின் இருக்கிறது என்பதோ, உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதோ அந்தத் தகட்டுக்குத் தெரியாது.

எஃகை ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது 1.2 மில்லிமீட்டர் நீளும். கேஸ் சுடரால் ஒட்டும்போது தகடு உருகும் வரை ஒரே இடத்தில் சுடரைக் காட்டியாக வேண்டும். அதற்குள் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சூடு பரவிவிடுகிறது. சூடான பகுதி நீள முயல்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாமல் பிடிக்கிறது, போக இடமில்லாமல் தகடு மேலெழும்புகிறது. ஆறும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. பிறகு விரலால் அழுத்தினால் எண்ணெய் டின்னின் அடிப்பாகம் போலப் பொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். அதை மறைக்கத்தான் அவ்வளவு பட்டி பூசுகிறார்கள்.

கேஸ் சுடரின் சூடு 3,100 டிகிரி என்றால், சி.ஓ.டூ மிஷினில் கம்பியை உருக்கும் மின்வில்லின் சூடு அதைவிட அதிகமாயிற்றே என்று ஒருவர் அந்தக் குழுவில் கேட்டிருந்தார். அங்கே கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. ஆம், அதிகம்தான். அதிகமாக இருப்பதால்தான் ஒரு நொடியில் அந்தப் புள்ளியை மட்டும் உருக்கிவிட்டு, சூடு பரவுவதற்குள் கையை எடுத்துவிட முடிகிறது. 0.6 மில்லிமீட்டர் கம்பி, உருகும் இடத்தில் காற்று படாமல் காக்க ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த வாயு, ஓரிடத்தில் ஒரு பொட்டு, அங்கிருந்து நான்கு விரல் தள்ளி இன்னொரு பொட்டு, முதலாவது ஆறிய பிறகு இடையில் மூன்றாவது என்று மெதுவாக நிரப்பிக்கொண்டு வரவேண்டும். வெல்டிங் எரியும் நேரம் குறைவு, காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அந்தக் காத்திருப்புக்கும் கூலி உண்டு என்பதை எஸ்டிமேட்டில் எந்த வரியில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"உங்கள் அப்பா கேஸில்தானே ஒட்டினார், எந்த வண்டி உடைந்தது அண்ணாச்சி?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவை அதில் இழுத்ததால் சொல்கிறேன். கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு வாயு எடுக்கும் டிரம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த காலத்தில், அந்த வாடையிலேயே வளர்ந்தவன் நான். சுடரைச் சமன்படுத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அம்பாசடர் வண்டிகளை அவர் ஒட்டினார். அந்தத் தகடு இன்றைய தகட்டைவிடக் கனமானது, வளைந்து கொடுக்கும் சாதாரண எஃகு. அதற்கு அந்த முறை பொருந்தியது. அதோடு, ஒரு மட்காட்டை ஒட்ட அரை மணி நேரமும், இழுத்துக்கொண்ட தகட்டைச் சுத்தியலும், அடியில் தாங்கிப் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டியும், ஈரத்துணியும் கொண்டு மீண்டும் சமப்படுத்த ஒன்றரை நாளும் அவர் செலவிட்டார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்று 5,000 ரூபாய்க்குக் கேஸில் ஒட்டுபவர் அந்த ஒன்றரை நாளையும் செலவிடுவாரா?

2006-இல் நான் முதல் சி.ஓ.டூ மிஷினைத் தவணையில் வாங்கி வந்தபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பழைய கதவில் மூன்று பொட்டுகள் வைத்துக் காட்டினேன். அவர் பின்பக்கம் போய், ஒட்டிய இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. அங்கே பெயிண்ட் கூடக் கருகியிருக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். மறுவாரம் ஒரு காரின் கூரைத்தகட்டை ஒட்ட வேண்டியிருந்தபோது, "இதை நீயே பாரு" என்று தள்ளி நின்றார். நாற்பது ஆண்டுகள் சுடர் பிடித்த மனிதர் அவர். அந்த மனிதரை என் பதினான்காயிரத்து ஐந்நூறுக்கு எதிர்சாட்சியாக நிறுத்துகிறீர்கள்.

கேஸ் ஒட்டு இளக்கமானது, சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும், சி.ஓ.டூ ஒட்டு கடினமானது, அதைக் கிரைண்டரால் தேய்த்துத்தான் ஆகவேண்டும் என்பது உண்மை. தேய்க்கும் கை தவறினால் பக்கத்துத் தகடு காகிதமாகிவிடும் என்பதும் உண்மை. அப்படிச் சமப்படுத்த வேண்டிய வெளித்தோலுக்கு, டங்ஸ்டன் முனையில் மின்வில் எரியும் ஆர்கான் டிக் வெல்டிங் இருக்கிறது. அதன் ஒட்டு ஓரளவு இளக்கமாகவே இருக்கும், ஆனால் தகடு கண்ணாடி போல் சுத்தமாக இருக்க வேண்டும், நேரமும் அதிகம். துருப்பிடித்த ரன்னிங் போர்டின் அடியில் படுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இரும்புக் கேட் செய்யப் பயன்படுத்தும் ஆர்க் மிஷினைக் கார் தகட்டில் வைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஓட்டைதான் விழும்.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன். ரன்னிங் போர்டு என்பது கதவுக்குக் கீழே ஓடுகிற வெறும் அழகுப் பட்டை என்று அந்தப் பதிவில் எழுதியிருந்தார்கள். அது வெளித்தகடு, உள்தகடு, நடுவில் பலத்தகடு என்று அடுக்கிய பெட்டி. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் முதலில் தாங்குவது அதுதான். டயர் மாற்ற ஜாக்கி வைப்பதும் அதன் ஓரத்தில்தான். இந்த ஊரின் உப்புக்காற்றும், சேறு அடைத்த வடிகால் ஓட்டையும் சேர்ந்து அந்த வண்டியில் அதை உள்ளிருந்தே தின்றுவிட்டன. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. பக்கத்தில் நின்று உரிமையாளரும் பார்த்தார். அதைப் படமெடுத்துப் போட அவருக்குத் தோன்றவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. முன்பு யாரோ பித்தளைக் கம்பி வைத்துக் கேஸில் ஒட்டியிருந்தார்கள். பித்தளை படிந்த எஃகின்மேல் மீண்டும் வெல்டிங் வைத்தால் பித்தளை உருகி எஃகுக்குள் ஊடுருவி ஒட்டில் விரிசல் விழுந்துவிடும். ஆகவே துரு இருந்த ஒரு சாணுக்குப் பதிலாக, பித்தளை இருந்த இடம் முழுவதையும் சேர்த்து மூன்று சாண் வெட்டவேண்டும் என்று எழுதினேன். தொகை கூடியது அதனால்தான். கம்பெனியிலேயே சில இடங்களில் பித்தளை நிறத்தில் ஒட்டுகிறார்களே என்று கேட்பவர்களுக்கு: அது செம்பும் சிலிக்கனும் சேர்ந்த கம்பியை, சி.ஓ.டூ மிஷின் போலவே வேலை செய்யும் மிக் மிஷினில், துத்தநாகப் பூச்சு அதிகம் எரியாதபடி, ஏறத்தாழ 1,000 டிகிரியில் வைப்பது. இரண்டின் நிறம் மட்டும்தான் ஒன்று.

வெட்டிய பிறகு நல்ல தகடு தெரியும் வரை சுரண்டி, 1 மில்லிமீட்டர் தகட்டில் புதுத் துண்டு மடித்து, கம்பெனியில் இரண்டு தகடுகளை அழுத்தி மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டிய ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, எத்தனை ஸ்பாட் இருந்ததோ ஒன்றுகூடக் குறையாமல் அத்தனையையும் நிரப்பி ஒட்டவேண்டும். அதற்கு முன் சீட்டையும் கார்பெட்டையும் கழற்ற வேண்டும், பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும், அடியில் ஓடும் பெட்ரோல் குழாயை விலக்க வேண்டும். மாலையில் கடல்காற்று எழுந்தால் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு வியர்வையில் வேலை செய்வோம். காற்று வாயுவைக் கலைத்தால் ஒட்டு முழுவதும் பொத்தலாகிவிடும். கடைசியில் மீண்டும் துரு பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் மெழுகு அடிக்க வேண்டும். இரண்டு ஆள், இரண்டு நாள். இதில் கொள்ளை எங்கே இருக்கிறது என்று விருப்பக்குறி இட்டவர்கள் எனக்குக் காட்டட்டும்.

மிஷின் கடனை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறேன் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கடன் 2009-லேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

புது வண்டி வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறீர்கள். 2023 அக்டோபரில், வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் வந்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறீர்கள். அந்த நட்சத்திரம் கம்பெனி ஒட்டிய ஒட்டுக்குக் கிடைத்தது. இன்று பல வண்டிகளில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணில் போரான் எஃகு இருக்கிறது. சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி அச்சில் அழுத்திச் சட்டென்று ஆறவைத்து, 1,500 மெகாபாஸ்கல் வலு ஏற்றிய எஃகு அது. அதன்மேல் கேஸ் சுடரைக் காட்டினால் அந்த வலு போய்விடும், பெயிண்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியவும் தெரியாது. அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஒரு பட்டறை, ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கூரையை மாற்றும்போது கம்பெனி சொன்ன ஸ்பாட் வெல்டிங்குக்குப் பதிலாகப் பசையால் ஒட்டிவிட்டது. பிறகு அந்தக் காரை வாங்கிய தம்பதி 2013-இல் விபத்தில் படுகாயமடைந்தார்கள். 2017-இல் அந்தப் பட்டறை 3 கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று தீர்ப்பானது. இங்கே அப்படி ஒரு தீர்ப்பு வராது என்ற தைரியத்தில் நானும் 5,000 ரூபாய்க்கு ஒட்டிக் கொடுத்திருக்கலாம். நீங்களும் எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பீர்கள்.

அந்த வண்டி நேற்று வேறு ஒரு பட்டறையில் கேஸில் ஒட்டப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதில் அவருடைய அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் போகிறார்கள். என் பட்டறைக்கு வந்தபோது பின் சீட்டில் பள்ளிப் பைகள் இருந்தன. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்: பழைய பித்தளையை முழுவதும் வெட்டி எடுத்தார்களா, பெட்டிக்குள் மெழுகு அடித்தார்களா? அடிக்கவில்லை என்றால் வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மெழுகு என்னிடம் இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம்.