அண்ணன்மாரே, இன்னொரு கிட் மஸ்டர் போடுவோம்

கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசராக இருந்த எங்கள் சீஃப் அண்ணன் இறந்து ஏழு மாதம் கழித்துத்தான் அண்ணியின் கணக்கில் முதல் குடும்ப ஓய்வூதியம் விழுந்தது. அந்த ஏழு மாதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் பயிற்சி எடுத்த சில்காவிலிருந்து தொடங்காமல் எனக்கு அது சொல்ல வராது.

நான் கடற்படையில் சேர்ந்தது 1986-ல். கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பையன். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு முறை வந்தது 1974-ல்தான். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. அம்மா வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. மலையில் இருப்பவனுக்குத் தண்ணீர் என்றால் முழங்கால் அளவு ஓடை, அதுவும் கை வைத்தால் விறைத்துப்போகும் குளிர். நீச்சல் என்ற ஒன்றை யாரும் எங்களுக்குக் கற்றுத் தந்ததில்லை.

ஒடிசாவில் ரயிலை விட்டு இறங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தூரத்தில் கரை தெரியாத தண்ணீர். "இதுதான் கடலா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த தஞ்சாவூர்ப் பையன், "இல்லடா, ஏரி" என்றான். சில்கா ஏரிக்கரையில்தான் அந்தப் பயிற்சித் தளம், ஐ.என்.எஸ். சில்கா. ஸ்வெட்டரோடு பிறந்தவன் மாதிரி வளர்ந்த எனக்கு அந்தப் புழுக்கம் முதல் வாரமே உடம்பெல்லாம் வேர்க்குருவாகப் பொரிந்துவிட்டது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. "சாவ்தான்" என்றால் எல்லோரும் விறைத்து நின்றார்கள், நானும் நின்றேன். அப்படித்தான் மொழி வந்தது.

நீச்சல் குளத்தில் பலகை மேல் நிறுத்திக் குதிக்கச் சொன்ன அன்று கால் நகரவில்லை. பின்னால் நின்ற பயிற்சியாளர் திட்டவில்லை. "நீ முதலில் மிதக்கக் கற்றுக்கொள், நீந்துவது பிறகு" என்று இந்தியில் சொன்னதை ஒருவன் எனக்குத் தமிழில் சொன்னான். மூன்று வாரம் தினமும் சாயங்காலம் மிதந்தேன். தேர்வில் தேறினேன். இன்றைக்கும் அந்த மனிதர் முகம் கண்ணில் நிற்கிறது.

ரகடா என்ற தண்டனைப் பயிற்சி வாங்கியதைப் பெருமையாகப் பேசும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முழங்கை தோல் உரிய வெயிலில் உருண்டதில் நான் எதையும் கற்கவில்லை. என் காலரை எப்படி மடிப்பது, மூன்று வெள்ளைக் கோடும் கலங்காமல் எப்படித் துவைப்பது என்று ராத்திரி விளக்கணைக்கும் முன் சொல்லித் தந்தான் பக்கத்துக் கட்டில் பையன். அவனிடம் கற்றது இருபது வருஷம் உதவியது.

அங்கே எங்களை நடுங்க வைத்தது கிட் மஸ்டர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொடுத்த சாமான் எல்லாவற்றையும் வெள்ளை விரிப்பின் மேல் சொன்ன வரிசையில் பரப்பி வைக்க வேண்டும். சட்டை, பெல் பாட்டம், தொப்பி, லேன்யார்டு என்ற கழுத்துக் கயிறு, பூட்ஸ், சாக்ஸ், சோப்பு டப்பா வரை. ஒவ்வொன்றிலும் நம் பெயரும் பணி நம்பரும் இருக்க வேண்டும். அதிகாரி நடந்து வருவார், குனிவார், ஒரு சாக்ஸைத் தூக்கிப் பார்ப்பார். ஜோடி இல்லை என்றால் தொலைந்தோம். காரணத்தை ஒரு சீஃப் பின்னால் சொன்னார்: கப்பலில் உனக்கு இருக்கும் இடம் ஒரு லாக்கர். ராத்திரி விளக்கில்லாமல், கப்பல் ஆடும்போது, கை வைத்த இடத்தில் பொருள் இருக்க வேண்டும். உனக்கு அடிபட்டால் பக்கத்தில் இருப்பவன் உன் லாக்கரைத் திறந்து எடுக்கவும் தெரிய வேண்டும்.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். அதுதான் நாம் மறந்தது.

இந்த மலையில் முன்னாள் படைவீரர் என்றால் சனம் தரைப்படையைத்தான் நினைக்கும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது, அது நியாயம்தான். "நேவியா? கப்பல்லயா?" என்று என்னிடம் இன்றும் கேட்கிறார்கள். அதனாலேயே நாங்கள் கொஞ்சப் பேர் ஒவ்வொரு டிசம்பர் 4-ம் குன்னூரில் கூடுவோம். 1971-ல் அந்த ராத்திரி நிபட், நிர்காட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சி வரை போய்த் தாக்கிய நாள். எங்களில் மூத்தவர் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர். சில்கா தளம் 1980-ல்தான் வந்தது, அவர் பயிற்சி எடுத்தது விசாகப்பட்டினத்தில். கராச்சிக் கதையைச் சொல்வார், டிசம்பர் 9 பற்றிப் பேச்சு வந்தால் நிறுத்திவிடுவார். அன்றுதான் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். அவர் பேசாமல் இருக்கும் அந்த நேரத்தில் யாரும் டீ கிளாஸைக்கூட கீழே வைக்க மாட்டோம்.

மற்ற நேரமெல்லாம் சிரிப்புதான். ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை பார்த்த காவல் வாட்ச், கப்பல் சமையலறையில் கருகின சப்பாத்தி, லிபர்ட்டி என்று கரைக்குப் போய் நேரம் தவறி வந்தது. பதினெட்டு வருஷமாக ஒரே கதைகள், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்போம். பெண்கள் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் நாங்கள் எதையும் சொன்னதில்லை. கதையையும் சரி, காகிதத்தையும் சரி.

சீஃப் அண்ணன் போன வருஷம் மார்பு வலியில் போய்விட்டார். காரியம் முடிந்து பதினாறாம் நாள் அண்ணி என்னைக் கூப்பிட்டு அவருடைய கருப்பு டிரங்குப் பெட்டியைக் காட்டினார். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயர், நம்பர். உள்ளே அணிவகுப்புப் போட்டோக்கள், வெள்ளை லேன்யார்டு, ஜாம்நகரில் வாங்கிய ஒரு பித்தளைக் கிண்ணம், தேயிலைத் தொழிற்சாலை ரசீதுகள். எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தது. பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை மட்டும் இல்லை.

"தம்பி, இந்த நம்பரைத்தான் கேக்குறாங்களா?" என்று மூடியைத் தடவிக்கொண்டே கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்தவர். அவருடைய வெள்ளைச் சட்டைக்கு எவ்வளவு நீலம் போட வேண்டும் என்று தெரியும். அவருடைய நம்பரை யாரும் அண்ணிக்குச் சொல்லவில்லை.

பி.பி.ஓ. தேடத் தொடங்கி எட்டாம் நாள் கிடைத்தது, காலண்டர் அட்டைக்குப் பின்னால். அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். பணிப் பதிவேட்டில் அண்ணியின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பிறந்த தேதியில் இரண்டு வருஷ வித்தியாசம். இது எங்கள் சனத்தில் பல வீட்டில் உண்டு. இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கியபோது, "எந்த வருஷம் பொறந்த பிள்ளை?" என்று கேட்டால் தாய்மார், "பெரிய மழைக்கு முந்தி" என்பார்கள். எழுதுகிறவர் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அந்தத் தேதி குடும்ப அட்டையில் ஏறி, பள்ளிக்கூடத்தில் ஒன்றாக மாறி, ஆதாரில் இன்னொன்றாக முடிந்திருக்கும். அண்ணன் உயிரோடு இருக்கும்போது அவரே கையெழுத்துப் போட்டுச் சரிசெய்திருக்கலாம். அவர் போன பிறகு அண்ணி ஊட்டிக்கும் கோவைக்கும் அலைந்தார். மழையில் சாலை மூடிய நாள் பாதி வழியில் இறங்கி நடந்திருக்கிறார். ஒரு அலுவலகத்தில் அவரை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். ஏழு மாதம் கடைக்காரர் கொடுத்த கடனில் அடுப்பு எரிந்தது.

என்னுடைய கோபம் அலுவலகத்தின் மேல் பாதிதான். மீதி நம் மேல். "நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று நாம் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோம். அது பாசத்தில் சொன்னதுதான். ஆனால் லாக்கர் சாவியைக் கொடுக்காமல் சொன்னது.

ஆகவே கேட்கிறேன். இந்த வாரம் ஒரு நாள் உட்காருங்கள். ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் மனைவியின் பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். போகவில்லை என்றால் இன்றைக்கே எழுதிப் போடுங்கள். பாஸ்வேர்டை அவருக்குச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும். வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்ச்சான்றை இப்போது முகத்தைக் காட்டி செல்போனிலேயே முடிக்கலாம், அதைச் செய்யும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், நாளை அவர் தனியாகச் செய்ய வேண்டி வரும். ஓய்வுக்குப் பிறகும் தொடரும் கடற்படைக் காப்பீடு ஒன்று இருக்கிறது. அது இருப்பதே பல வீட்டில் பெண்களுக்குத் தெரியாது. ஈ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டக் கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர் எழுந்து போய் எடுத்து வர வேண்டும், உங்களைக் கேட்கக் கூடாது.

(இப்போது அக்னிவீராகப் போகும் பிள்ளைகளுக்கு நாலு வருஷம்தான், ஓய்வூதியம் இல்லை. அவர்கள் கணக்கு வேறு, அதைத் தனியாக எழுத வேண்டும்.)

நான் போன ஞாயிற்றுக்கிழமை செய்தேன். கட்டில் மேல் வெள்ளை வேட்டியை விரித்து, ஒவ்வொரு காகிதமாக வரிசையில் வைத்தேன். என் மனைவி நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்தார். அவருடைய பிறந்த தேதியும் தப்பாகத்தான் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அது தப்பாக இருந்திருக்கிறது, நான் திறந்தே பார்க்கவில்லை. மனு எழுதி அனுப்பிவிட்டோம். அன்று ராத்திரி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே என் நம்பரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நடுவில் ஒரு எண் விட்டுப்போய்த் திரும்ப ஆரம்பித்தார்.

வருகிற டிசம்பர் 4-ம் வழக்கமான இடத்தில்தான். இந்தத் தடவை எல்லோரும் ஒரே அறையில் உட்காருவோம். காகிதத்தை ஃபைலோடு கொண்டு வாருங்கள், நகல் எடுக்க என் மகன் ஸ்கேனரோடு வருகிறான். எந்தப் படிவம் எங்கே, எந்தக் கவுன்ட்டரில் யாரைக் கேட்பது என்பதெல்லாம் இன்றைக்கு நம் யாரையும் விட அண்ணிக்குத்தான் நன்றாகத் தெரியும். காலையிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அந்தக் கருப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு.