தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒருவராவது யோசித்தீர்களா?

நேற்று இரவு பெய்தது 1 மணி நேர மழைதான். காலையில் எழுந்து வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போனேன். மதில் ஓரம் காய்ந்து கிடக்கிறது. வீட்டுச் சுவர் ஓரம் 40 அடி நீளத்துக்கும் தண்ணீர் கட்டி நிற்கிறது. அதில் காலை வைத்தால் நகம் மூழ்குகிறது. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயும் அதே இடத்தில்தான் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரின் அடியில் புதுப் பெயிண்ட் கருத்து, 1 அடி உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. இந்தச் சந்துக்குப் புதுத் தரை போட்டு இன்னும் 6 மாதம்கூட ஆகவில்லை.

காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "வெயில் வந்தா காஞ்சிடும் சார்" என்றார்.

காய்ந்துவிடுமாம்! தண்ணீர் போவதற்கு வழி வைத்துக் கொடுக்கத்தானே உங்களுக்குக் காசு கொடுத்தேன்? வெயிலை நம்பி இருப்பதென்றால் உங்களை எதற்குக் கூப்பிட வேண்டும்?

கோபத்தோடு நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்தேன். மதிலிலிருந்து வீட்டுச் சுவர் வரை குறுக்கே போட்டு, மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி மதில் பக்கம் ஓடியது. அப்படியென்றால் மதில் பக்கம்தான் மேடு. குமிழி நடுவுக்கு வரும்வரை சுவர் ஓரத்தில் சட்டத்துக்கு அடியில் துண்டுத் துண்டாக அட்டை வைத்து அளந்தேன். சரியாக அரை அங்குலம். 4 அடி அகலச் சந்தில் தரை வீட்டை நோக்கி அரை அங்குலம் சரிகிறது. இதைத்தான் "பக்கா மட்டம் சார்" என்று சொல்லிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

கொத்தனார்கள் இதற்கு அழகான ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: வாட்டம். வீட்டைச் சுற்றி எந்தத் தரை போட்டாலும், சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுக்க வேண்டும். 4 அடிக்கு 1 அங்குலம். நூற்றுக்கு இரண்டு என்று சொன்னாலும் ஏறக்குறைய அதே கணக்குதான். இது பொறியியல் கல்லூரியில் போய்ப் படிக்க வேண்டிய ரகசியம் இல்லை. நூல் கட்டும்போது ஒரு முனையை 1 அங்குலம் இறக்கிக் கட்டினால் போதும், 2 நிமிட வேலை. அந்த 2 நிமிடத்தைச் செலவு செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் டைல்ஸ் டிசைன் எப்படி வர வேண்டும், ஓரத்தில் பார்டர் என்ன நிறம் என்பதற்கு 3 நாள் பேசினார்கள்!

அந்தச் சந்து 160 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 15 சதுர மீட்டர். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தச் சந்தில் மட்டும் 740 லிட்டருக்கு மேல் விழும். மாடித் தண்ணீரைச் சேர்க்காமலே இவ்வளவு. அதை முழுக்க என் வீட்டு அடித்தளத்தின் பக்கம் திருப்பிவிட்டு, காய்ந்துவிடும் என்கிறார்கள்.

இன்னொன்றும் செய்திருக்கிறார்கள், வயிறு அதிகமாக எரிவது அதற்குத்தான். பழைய தரையை உடைத்து எடுக்கவில்லை. அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, கான்கிரீட் போட்டு, டைல்ஸை ஒட்டிவிட்டார்கள். "எதுக்கு சார் உடைக்கணும், வீண் செலவு" என்று அன்றைக்குச் சொன்னபோது, நமக்காகப் பேசுகிறார் என்று நம்பினேன். தரை மட்டம் 5 அங்குலம் உயர்ந்துவிட்டது. சுவர் எழும்பும் இடத்தில், மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் இருக்க ஓதத் தடுப்பு என்று ஒரு அடுக்கு போட்டிருப்பார்கள். வெளித்தரை அந்த அடுக்குக்குக் குறைந்தது 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். மழைத்துளி தரையில் பட்டுத் தெறித்தால்கூட அதற்கு மேலே சுவர் நனையக் கூடாது என்பதற்குத்தான் அந்த இடைவெளி. என் வீட்டில் இப்போது 1 அங்குலம்தான் மிச்சம். வீடு கட்டிய மனிதர் அக்கறையோடு வைத்துவிட்டுப் போன பாதுகாப்பை, தரை போட வந்தவர் ஒரே வாரத்தில் மூடிவிட்டுப் போய்விட்டார்.

செங்கல் விளக்குத் திரி மாதிரி. ஈரத்தை உறிஞ்சி மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் செங்கல்லிலும் கலவையிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் அங்கேயே தங்கிப் பூக்கும். உள்ளே, கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். பூச்சு பொருபொருவென்று உதிர்ந்து, விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது. அலமாரியைத் திறந்தால் துணியெல்லாம் பூஞ்சை வாடை. வெளியே போட்ட தரைக்கு உள்ளே படுத்திருப்பவர்கள் மூச்சு முட்டுகிறோம்.

இதற்கு வைத்தியம் சொல்ல ஒரு பெயிண்டர் வந்தார். "டேம்ப் ப்ரூஃப் 2 கோட் அடிச்சா எல்லாம் மறைஞ்சிடும்" என்றார். மறைந்துவிடும் என்பது உண்மைதான், கொஞ்ச நாளைக்கு. ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்போது மேலே தண்ணீர் புகாத பூச்சைப் பூசினால் அந்த ஈரம் எங்கே போகும்? உள்ளேயே அடைந்து கிடந்து கொப்புளம் கொப்புளமாகப் பெயிண்டைத் தூக்கும். அடுத்த முறை பெயிண்டோடு பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஈரம் வரும் வழியை முதலில் அடை, சுவரைக் காயவிடு, அப்புறம் பெயிண்டைப் பற்றிப் பேசு. இதைச் சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரி, சுவரையாவது இடித்துப் பூசிவிடலாம். அந்த எலுமிச்சை மரத்தை என்ன செய்வது?

11 வருடத்துக்கு முன்னால் முழங்கால் உயர ஒட்டுக்கன்றாக வாங்கி வந்து நட்டது. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்று கன்று கொடுத்தவர் இரண்டு முறை சொன்னார், அப்படியேதான் நட்டேன். எலுமிச்சையின் மேல்பகுதி அழுகல் நோய்க்குச் சுலபமாக ஆளாகும். அதனால்தான் நோயைத் தாங்குகிற இன்னொரு வேரின் மேல் அதை ஒட்டி வளர்க்கிறார்கள். ஒட்டு மண்ணுக்குள் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பே போய்விட்டது.

வேலை நடந்தபோது 2 நாள் நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், உடைந்த டைல்ஸும் கலவைக் கழிவும் கலந்த மண்ணை அடிமரத்தைச் சுற்றி 8 அங்குலத்துக்குக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். அதன் மேல் அடிமரத்தை ஒட்டி வட்டமாகக் கான்கிரீட். "பார்க்க நீட்டா இருக்கட்டும்னு செஞ்சோம் சார்" என்றார்கள். அன்றைக்கே கடப்பாரை எடுத்து உடைத்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

வேரும் மூச்சு விடும். எலுமிச்சைக்குச் சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 2 அடிக்குள்தான் இருக்கும். மேலே மண்ணைக் கொட்டிக் கான்கிரீட் போட்டு மூடினால் அதற்குக் காற்று எப்படிக் கிடைக்கும்? 3 மாதத்தில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. போன வாரம் கான்கிரீட்டை உடைத்து, மண்ணைக் கையாலேயே தோண்டி எடுத்தேன். அடிமரத்துப் பட்டை ஈரமாகக் கருத்திருந்தது. விரலால் லேசாக அழுத்தினால் உள்ளே அமுங்கியது. ஓரத்தில் தேன் நிறத்தில் கோந்து வடிந்து உறைந்திருந்தது. ஃபைட்டோஃப்தோரா என்கிற, பூஞ்சை மாதிரியான நுண்ணுயிரால் வரும் அழுகலுக்கு இதெல்லாம்தான் அடையாளம். 1876ஆம் ஆண்டில் ஜெர்மன் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி அந்தப் பெயரை வைத்தார், கிரேக்கத்தில் செடியை அழிப்பது என்று பொருள். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தியே வேருக்கும் பட்டைக்கும் வந்து சேரும். அதாவது, தேங்கிய தண்ணீர் இல்லையென்றால் அதற்கு இவ்வளவு பலம் வந்திருக்காது. அடிமரத்தின் சுற்றளவில் பாதி வரை பட்டை போய்விட்டது. மிச்சப் பாதியை நம்பி மரம் நிற்கிறது.

மரத்தடியில் குப்பையையும் சருகையும் மேடாகக் குவிக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். மூடாக்கு மண்ணுக்கு நல்லது, அடிமரத்துக்குக் கெடுதல். பட்டையில் படாமல் தள்ளிப் போடுங்கள்.

வீட்டு வாசலிலும் இதே கதைதான். வண்டி நிறுத்தும் இடத்துப் பேவர் பிளாக் சக்கரம் ஏறுகிற இரண்டு தடத்திலும் பள்ளமாகிவிட்டது. அடியில் திமிசு போட்டு அடுக்கடுக்காக இறுக்காமல், பள்ளம் மேட்டையெல்லாம் மணலைக் கொட்டியே சரிக்கட்டியிருக்கிறார்கள். பேவருக்கு அடியில் மணல் 1 அங்குலம், மிஞ்சிப்போனால் ஒன்றரை அங்குலம்தான் இருக்கலாம். பாரத்தைத் தாங்குவது அதற்கும் கீழே இறுக்கிய ஜல்லிதான். ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன், 4 அங்குலத்துக்கு வெறும் மணல். இரும்பு கேட்டில் துருவைச் சுரண்டாமல், பிரைமர் அடிக்காமல், அதன் மேலேயே கறுப்புப் பெயிண்ட். இப்போது அது செதில் செதிலாக உரிகிறது.

இவ்வளவையும் சொல்லிப் புலம்பினால், வருகிறவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: "ஒரு துளி மண்ணு தெரியாம எல்லாத்தையும் சிமெண்ட் போட்டு மூடிடுங்க. தொல்லையே இருக்காது." பச்சையாக ஏதாவது வேண்டுமென்றால் பிளாஸ்டிக் புல் விரிக்கச் சொல்கிறார்கள். உச்சி வெயிலில் அதில் வெறுங்காலோடு நின்று பார்த்திருக்கிறார்களா? நிஜப் புல் தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது முடியாது, சுட்டுப் பொசுக்கும்.

மண் தெரிந்தால் அசிங்கம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மழையைக் குடிக்கிற ஒரே இடத்தை மூடிவிட்டு, அப்புறம் தெருவெல்லாம் வெள்ளம் என்று கத்துகிறோம். இங்கிலாந்தில் 2007இல் பெருவெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து, வீட்டு முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டு, அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்க வழியும் வைக்காவிட்டால், திட்ட அனுமதி வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 5 சதுர மீட்டர் என்பது ஒரு சின்ன அறையின் பாதி! ஒரு நாடு அவ்வளவு சின்ன இடத்தைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நமக்கோ, சும்மா கிடக்கிற மண்ணை மூடுவதுதான் வீட்டைப் பராமரிப்பது.

"வெளியேதானே, விடுங்க" என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சமையலறைத் தரை சரியில்லை என்றால் மறுநாளே ஆளைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்வீர்கள். மழையும் வெயிலும் 24 மணி நேரமும் அடிப்பது வெளியேதான். அங்கே செய்த தப்புதான் சுவர் வழியாக உள்ளே வருகிறது. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு காண்ட்ராக்டர் தன் வீட்டில் நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு மழைக்கும் நடுராத்திரியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடுவது நாங்கள்தான்.

இன்றைக்குச் சுவரை ஒட்டி ஒரு வரிசை டைல்ஸை உளியும் சுத்தியலும் வைத்து நானே பெயர்த்தேன். மாலைக்குள் 9 அடிதான் முடிந்தது, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மழைநீர்க் குழாயின் வாயில் தற்காலிகமாக ஒரு நீளக் குழாயை மாட்டி, சந்தைத் தாண்டித் தோட்டத்தில் விட்டிருக்கிறேன். எலுமிச்சையின் அடிமரம் இப்போது திறந்து கிடக்கிறது, ஒட்டுப் போட்ட தழும்பு மறுபடியும் கண்ணுக்குத் தெரிகிறது.

நாளை வேறொருவர் வேலையைப் பார்க்க வருகிறார். டிசைன் புத்தகத்தை விரித்தால் அப்படியே அனுப்பிவிடுவேன். பழைய தரையை உடைத்து எடுத்து, தரை மட்டத்தை 5 அங்குலம் இறக்கி, வெளிப்பக்கம் வாட்டம் வைத்துத் தர முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியும் என்றால், வேலை முடிகிற அன்றைக்கு 5 வாளித் தண்ணீரைச் சுவர் ஓரத்தில் நானே ஊற்றுவேன். அது மதில் பக்கம் ஓடித் தோட்டத்து மண்ணில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடைசித் தவணையை எடுத்து வைப்பேன்.