மலாக்காவோடு முடிந்துவிடவில்லை
1511இல் மலாய் தீபகற்பத்துத் துறைமுகமான மலாக்கா போர்ச்சுகீசியர் கைக்குப் போனதோடு ஆசிய வணிகர்களின் கடல் வாழ்வே முடிந்துவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைத் தோண்டித் தோண்டி எழுதியது இதற்கு நேர்மாறான கதை. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும், 17ஆம் நூற்றாண்டில், பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாகூரிலிருந்தும் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் துணிமூட்டைகளோடு சுமத்ராவின் அச்சே, மலாய் தீபகற்பத்தின் கெடா என்று போய், தகரமும் பாக்கும், யானைகளும்கூட ஏற்றிக்கொண்டு திரும்பின. டச்சுக்காரர்கள் கப்பலோட்ட அனுமதிச்சீட்டு கேட்டு மறித்தபோது, டச்சுப் பிடி எட்டாத துறைமுகங்களை இவ்வணிகர்கள் நாடினார்கள். மலேசியாவின் பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் முன் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தமிழ் முஸ்லிம் சமூகம் எழுப்பியது அது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தவர்களா அதைக் கட்டினார்கள்? ஐரோப்பியரின் படைபலமே காரணம் என்ற பொருளில் ‘எல்லாம் பீரங்கியின் வேலை’ என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்டிருக்கும் நண்பருக்கும் ஒரு வார்த்தை: சோழமண்டலக் கரையில் பேரடி விழுந்தது கடலில் அல்ல, தறியில். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலத்தின் அதிகாரம் ஆங்கிலக் கம்பெனிக்கு வந்து, நெசவாளர் யாருக்கு நெய்வது, என்ன விலைக்கு நெய்வது என்பதையே அது தீர்மானிக்கத் தொடங்கியபோதுதான் உள்ளூர் வணிகருக்குச் சரக்கே கிடைக்காமல் போனது.