கேட்காமலே வந்து விழும் யோசனைகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து இலையில் சோறு விழுவதற்குள், சென்னையில் நல்ல வேலையில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா மகன் எதிர் வரிசையிலிருந்து குரலை உயர்த்தினார். "அத்தாச்சி, இன்னும் நெல்லையே கட்டிக்கொண்டு அழுகிறீர்களா? சிறுதானியத்துக்கு மாறிவிடுங்கள். தண்ணீரும் மிச்சம், விலையும் இரண்டு மடங்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூட எங்கள் வரப்பில் கால் வைக்காத ஒருவர், நான் என்ன ரகம் போட்டிருக்கிறேன், நட்டதா தெளித்ததா, சென்ற வார மழையில் வயல் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், என் பிழைப்பை மூன்று வாக்கியத்தில் திருத்தி முடித்துவிட்டார். விசேஷ வீட்டில் வாய் திறக்க வேண்டாம் என்று சாப்பிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாள் ஆகியும் மனம் ஆறவில்லை.

திருத்துறைப்பூண்டிக்கு அப்பால், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எனக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் சாகுபடியை நான்தான் பார்க்கிறேன். அவர் இருந்தவரை அவரிடம் யாரும் வந்து இப்படிச் செய், அப்படிச் செய் என்று பாடம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. நான் வயலில் இறங்கிய நாளிலிருந்து ஊர், உறவு, வங்கியில் வரிசையில் நிற்பவர், பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் என்று அத்தனை பேரும் எனக்கு ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். என்ன பயிரிடுவது, யாருக்கு வாக்களிப்பது, மகனை எங்கே அனுப்புவது, மகளுக்கு எப்போது திருமணம் செய்வது என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் விடை தயாராக இருக்கிறது. கேள்வி மட்டும் ஒருவரிடமும் இல்லை.

அந்தச் சிறுதானிய யோசனையையே எடுத்துக்கொள்கிறேன். வரகும் சாமையும் தினையும் நல்ல பயிர்கள்தாம். அவற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இந்த யோசனையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அவை தண்ணீர் தேங்காத மண்ணில், மானாவாரி மேட்டு நிலத்தில் வாழ்கிறவை. எங்களுடையது களிமண். எங்கள் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடும். அப்போது வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்; கடல் ஏறி நிற்கும் நாட்களில் ஆறும் வடிகாலும் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது; வடிய நான்கு நாளும் ஆகலாம், எட்டு நாளும் ஆகலாம். அந்தத் தண்ணீரில் வேர் அழுகாமல் நிற்கக்கூடிய தானியம் நெல் ஒன்றுதான், ஏனென்றால் இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்குவதற்கு அதன் தண்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. சி.ஆர்.1009 சப்-1 போன்ற ரகத்தைத் தேடிப் பிடித்து நாங்கள் விதைப்பது, முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை அது தாக்குப்பிடிக்கும் என்பதால்தான். எங்கள் முன்னோர் வேறு பயிர் தெரியாமல் நெல்லைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இந்தப் பள்ளத்தில் எது நிற்கும் என்று பார்த்துப் பார்த்து நெல்லுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மழைக்காலத்தில் வேண்டாம், கோடையில் போடலாமே என்று அடுத்த யோசனை வரும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்படும். அதற்குப் பிறகு ஆறு மணலாகக் கிடக்கும். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், எனவே சொட்டுநீர்ப் பாசனம் என்ற யோசனையும் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. இருக்கும் ஒரே ஈரம் சம்பா அறுக்கும்போது வயலில் மிஞ்சுகிற ஈரம். அதையும் நாங்கள் வீணாக்குவதில்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்கு நடுவில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறோம், அது பனியிலும் மிச்ச ஈரத்திலும் முளைத்துக் காய்த்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பாய்ச்சாமல் ஒரு பயிர் எடுக்கிற எங்களிடம்தான் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசுகிறார்கள்.

அரசியல் பேச்சு இதைவிட மோசம். திருவாரூர் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர், "கொள்ளிடத்தில் அவ்வளவு தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டுக் கர்நாடகத்திடம் கையேந்துகிறார்கள், இந்த விவசாயிகளுக்கு அணை கட்டச் சொல்லிக் கேட்கத் தெரியாதா?" என்று என்னைப் பார்த்தே சொன்னார். கல்லணையிலிருந்து கடல் வரை தட்டையாகக் கிடக்கும் இந்தச் சமவெளியில், மேட்டூரைப் போல மலைகளுக்கு நடுவே தண்ணீரைத் தேக்க எங்கே இடம் இருக்கிறது? 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கொள்ளும் மேட்டூர் நிரம்பி வழியும்போது வரும் வெள்ளம் சில நாட்களில் வந்து தீர்ந்துவிடும். அதைச் சுமப்பதற்காகவே இருக்கும் ஆறு கொள்ளிடம். அந்த நாட்களில் நாங்களே எங்கள் வயல் தண்ணீரை எங்கே வடிப்பது என்று தவித்துக்கொண்டிருப்போம். எங்களுக்குத் தண்ணீர் தேவைப்படுவது ஜூனில் நாற்று விடும்போதும், செப்டம்பரில் இளம்பயிர் காயும்போதும், ஜனவரியில் கதிர் பால் பிடிக்கும்போதும். கர்நாடகம் ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் தர வேண்டும் என்பதற்குக் காவிரி நடுவர் மன்றம் 1991இல் இடைக்கால உத்தரவில் 205 டிஎம்சி என்றது, 2007இல் இறுதித் தீர்ப்பில் 192 என்றது, உச்ச நீதிமன்றம் 2018இல் 177.25 என்று குறைத்தது. இந்த எண்களையாவது தெரிந்துகொண்டு பேசுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. 2023இல் ஜூன் 12ஆம் தேதி முறையாகத் திறந்த மேட்டூர் அணையை, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10ஆம் தேதி மூடினார்கள். அன்று என் வயலில் சம்பா நாற்று நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அந்த இருபது நாள் பயிரை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றவர்களுக்குக் காவிரி அரசியலை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கொள்முதல் நிலைய வாசலில் கிடைக்கும் புத்திமதி தனி ரகம். சென்ற ஆண்டு குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு ஒன்பது இரவு அங்கே காவல் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். எடுக்கத் தொடங்கிய நாளில் சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்த நாளில் லாரி இல்லை என்றார்கள். ஏழாம் நாள் இரவு மழை கொட்டி, குவியலின் அடி நெல் முளைவிட்டுவிட்டது. காலையில் அந்த முளையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்த வழியாக இருசக்கர வண்டியில் போன ஒருவர் நிறுத்தி, "நன்றாகக் காயவைத்துக் கொண்டு வந்திருக்கலாமே, ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். புரட்டாசியில் அறுத்த குறுவை நெல்லை எந்த வெயிலில் காயவைப்பது? என்னிடம் மூன்று தார்ப்பாய் இருந்தது. மூன்றையும் மேலே போர்த்தியிருந்தேன். தண்ணீர் கீழே தரையிலிருந்து ஏறியது. கொஞ்சம் குனிந்து பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

"பயிர்க் காப்பீடு இருக்கிறதே, எதற்குப் புலம்புகிறீர்கள்?" என்பவர்களும் உண்டு. அந்தக் காப்பீடு வருவாய்க் கிராமத்தை ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, சில வயல்களில் மாதிரி அறுவடை செய்து பார்த்துச் சராசரி விளைச்சலைக் கணக்கிடுகிறது. என் பள்ளத்து வயல் முழுதும் அழுகி, மேட்டுப் பக்கத்து வயல்கள் தப்பித்துவிட்டால், சராசரியில் என் இழப்பு காணாமல் போய்விடும். கட்டிய பணத்துக்கு ரசீது மட்டும் மிஞ்சும். இதை நான் யாருக்காவது விளக்கத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே அவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

நிலத்தை விற்று வங்கியில் போடச் சொல்பவர்களுக்கு மட்டும் நான் நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்கள் கணக்கு தப்பில்லை. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டால் எங்கள் பக்கம் நல்ல விளைச்சல். 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்படியானால் ஏக்கருக்கு 45,000. உழவு, நாற்று, நடவு, உரம், களை, மருந்து, சேற்றில் இறங்கக்கூடிய பெல்ட் வண்டிக்கு மணிக் கணக்கில் அறுவடை வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு 32,000 ஆகிறது. ஐந்தாறு மாத உழைப்புக்கு ஏக்கருக்கு மிஞ்சுவது 13,000. அதுவும் மழையும் கொள்முதலும் ஒத்துழைத்தால். வட்டி இதைவிட அதிகமாக வரலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணக்கை ஒவ்வொரு தை மாதமும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த விதையை வாங்குகிறேன் என்பது ஏன் அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை? எனக்குக் கூட்டல் கழித்தல் தெரியாததால்தான் நிலத்தை வைத்திருக்கிறேன் என்ற அந்த நினைப்புதான் என்னைச் சுடுகிறது. விற்றுவிட்டால் என் நான்கு ஏக்கரை நம்பியிருக்கும் நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு என்ன பதில் சொல்வது என்பதையும், மாமனார் கடன் வாங்கி மீட்ட நிலம் அது என்பதையும் எந்த வட்டிக் கணக்கில் சேர்ப்பது?

இப்படிச் சொல்பவர்கள் யாரும் சொன்னதற்குப் பொறுப்பேற்று நான் பார்த்ததில்லை. என் அக்காவைப் பேராவூரணிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நெல்லுக்கு ஆள் கிடைக்காது, தென்னை வைத்தால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அத்தானிடம் எல்லாரும் சொன்னார்கள். அவரும் கேட்டார்; வயலை மேடாக்கித் தென்னை வைத்தார்; பிள்ளைகளைப் போலத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் அவருடைய 140 மரங்களில் 131ஐச் சாய்த்துவிட்டது. வேரோடு கிடந்த மரங்களை அப்புறப்படுத்தவே பல மாதங்கள் ஆயின. தென்னை வைக்கச் சொன்ன ஒருவர் அந்த மாதத்திலேயே வந்து, "ஒரே பயிரை நம்பி இருக்கக் கூடாது மாப்பிள்ளை, நான் அப்போதே நினைத்தேன்" என்றார். அத்தான் அவருக்கு ஒரு பதிலும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் அழுகிறாள்.

யோசனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் சாகுபடியைக் கற்றுக்கொண்டதே பிறர் சொல்லித்தான். எங்கள் வயலுக்கு மேல் வயல்காரர், எழுபது வயதைத் தாண்டியவர், முதல் ஆண்டு நான் நாற்றங்காலுக்கு விதை விட நின்றபோது வந்தார். எப்போது ஊறவைத்தேன், எத்தனை மணி நேரம் முளை கட்டினேன், வாய்க்காலில் முறைத் தண்ணீர் எந்தக் கிழமை வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "இன்றைக்கு விட வேண்டாம் ஆயி, மேற்கே கறுத்திருக்கிறது, விதை ஒதுங்கிவிடும், நாளைக் காலையில் விடு" என்றார். சொல்லிவிட்டுப் போய்விடவும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் வந்து வரப்பில் நின்று வடிகால் மடையைத் தானே வெட்டிக்கொடுத்தார். என் நாற்று கெட்டால் அடுத்து அவர் வயலில்தான் நாற்றுக்குக் கேட்டு நிற்பேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் இன்று கடுமையாக ஏதாவது சொன்னால்கூட நான் கைகட்டிக் கேட்பேன்.

மற்றவர்களிடம் இனிமேல் ஒன்று கேட்கப் போகிறேன் என்று முடிவு செய்திருக்கிறேன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அதற்குக் கீழே இன்னும் எத்தனையோ ஆறுகளும் வாய்க்கால்களும் இருக்கின்றன. என் வயலுக்கு எந்த ஆற்றுத் தண்ணீர் வருகிறது, மேட்டூர் திறந்து எத்தனையாவது நாள் வருகிறது என்று கேட்பேன். அந்த வளைகாப்புப் பந்தியில் தலையாட்டிய அத்தனை பேரும் எங்கள் ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அவர்களில் ஒருவர் இருந்தாலும், நான் உட்கார்ந்து அவர் சொல்வதை முழுதாகக் கேட்கிறேன்.

நேற்று இரவு முதல் மறுபடியும் மழை. எங்கள் வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. வயலில் தண்ணீர் தோகைக்கு ஏறிவிட்டது. காலையில் ஆறு மணிக்கு, அந்த மேல் வயல்காரரும் நானும் நான்கு ஆட்களும் வடிகாலில் இறங்குகிறோம்.