தண்ணீர் குடித்தால் வெறி இல்லையா?

தண்ணீர்த்தொட்டி அடியில் கிடந்த நாய்க்குட்டி ஒரு பையனைக் கடித்த விஷயம் நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு வெறி, அதாவது ரேபிஸ் என்றேன். "கிண்ணத்துல வாய வச்சுச்சே, நானே பார்த்தேன், அப்புறம் எப்படி வெறி?" என்று நம் தெருக் குழுவில் கேட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரைக் கண்டு மிரளுவது ரேபிஸ் வந்த மனிதர்கள். நாய் தண்ணீரைத் தேடிப் போகும். தாடை தொங்கி, தொண்டை செயலிழந்து, விழுங்கத்தான் முடியாது. அன்று அந்தக் கிண்ணத்தை நானும் பார்த்தேன். தண்ணீர் குறையவே இல்லை, மேலே நூல் நூலாக எச்சில். ஊமை வெறி என்பது இதுதான். சாதுவாக, இருட்டில் முடங்கிக் கிடக்கும். பாவம் என்று கையை நீட்டுவோம். அந்தப் பையனும் அப்படித்தான் நீட்டினான்.

"குட்டிதானே, பல்லு லேசா பட்டுச்சு" என்றார்கள். குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசியே 3 மாதத்தில்தான் போடுவார்கள். எந்தப் பாதுகாப்பும் இல்லாதது குட்டிதான். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டிய இடத்தில் மஞ்சளை அப்பி, மூன்றாம் நாள்தான் ஊசிக்குக் கூட்டிப்போனார்கள்.

நாய் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். 1998ல் எங்கள் வீட்டுச் செவலைப் பசு தீனி எடுக்கவில்லை. எச்சில் ஒழுக, கம்மிய குரலில் கத்திக்கொண்டே இருந்தது. தொண்டையில் மாங்கொட்டை அடைத்திருக்கும் என்று அப்பா முழங்கை வரை கையை விட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை. நான்காம் நாள் பசு செத்தது. மேய்ச்சலில் அதை நாய் கடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி. தினமும் ஓரிடம் தடித்திருக்கும், அம்மா சட்டையை விலக்கிப் பார்த்து அழுவாள். அந்த ஊசியை நிறுத்தி 20 வருடத்துக்கு மேலாகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். இன்னும் அதைச் சொல்லிப் பயப்படாதீர்கள்.

"நாய்க்குச் சோறு வைக்கிறவ நீ, நீயே பயமுறுத்துற" என்கிறார்கள். சோறு வைப்பதால்தான் சொல்கிறேன். நோய் தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். நோய் வந்தபின் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். முன்கூட்டியே ஊசி போட்டால் தடுக்கலாம். ரேபிஸ் சிகிச்சைக்கென்று 1907லேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய மாநிலத்தில் இதை நான் கெஞ்சிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குட்டியைச் சோதனைக்கு அனுப்பலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை, சாக்கில் கட்டி எறிந்துவிட்டார்கள். மறுநாள் தெருவில் திரிந்த பழுப்பு நாயைக் கட்டையால் அடித்தே கொன்றீர்கள். அது யாரைக் கடித்தது? மார்ச்சில் நான்தான் அதை ஆட்டோவில் தூக்கிப்போய் ரேபிஸ் ஊசி போட்டுவந்தேன். அட்டை என் மேசையில் இருக்கிறது. நோய் வந்ததை மடியில் வைத்துக் கொஞ்சினீர்கள், ஊசி போட்டதை அடித்துக் கொன்றீர்கள்.

"தெரு சுத்தமாச்சு" என்று குழுவில் கைதட்டல் படம் போட்டவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். என்னால் பார்க்க முடியவில்லை.