சின்னத்திரை ராதிகாவுக்கு ஒரே வரிதானா?

நடிகை ராதிகாவைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், 1978-இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் தொடங்கிய சினிமா வாழ்க்கையை விரிவாகச் சொல்லிவிட்டு, ‘பிறகு சீரியலுக்கு வந்தார்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பது மனதை உறுத்துகிறது. வெறும் நடிகையாகவா வந்தார்? சீரியல் தயாரிக்கும் ராடான் நிறுவனத்தை நடத்திக்கொண்டே நாயகியாகவும் நின்றவர்! 1999 இறுதியில் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியபோது, நித்யஸ்ரீயின் குரலில் தலைப்புப் பாடல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று காட்டிப் பழகிய இடத்தில், தான் நடித்த சாரதா பாத்திரத்தைப் பாசக்காரியாக நிறுத்தினார் ராதிகா. ‘வாணி ராணி’ தொடரில் அவருக்கு இரட்டை வேடம்: வழக்கறிஞர் வாணி அளந்து பேசுவார், ராணியோ படபடவெனப் பொரிந்து தள்ளுவார். முகம் ஒன்று, ஆள் இரண்டு. இதற்கெல்லாம் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாமே, ஐயா!